மதிலோரத் தென்னை: விழுபொருளியல் நோக்கில் ஓர் ஆய்வு

வீட்டுத் தென்னையைப் பற்றிய கையேடுகள் யாவும் கீழிருந்து மேலே போகின்றன: குழி, கன்று, உரம், வண்டு, காய்ப்பு. காய்த்தது மேலிருந்து கீழே வரும்போது மதிலின் எந்தப் பக்கம் வருகிறது என்ற வினாவை அவை தொடுவதில்லை. வேளாண் அறிஞர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர்கள் தோப்பில் ஆய்வு நடத்துகிறார்கள். தோப்பில் எந்தப் பக்கம் விழுந்தாலும் சொந்தக்காரர் ஒருவரே. தென்னை தோப்பைவிட்டு அரை கிரவுண்டு மனைக்குக் குடிவந்த பிறகே இது அறிவியல் சிக்கல் ஆயிற்று. இச்சிக்கலை ஆராயும் துறைக்கு விழுபொருளியல் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். பெயரில் ஆட்சேபம் உள்ள அறிஞர்கள் எம்முடைய மரத்தடிக்கே வந்து, நின்று, நிதானமாக விவாதிக்கலாம்.

முன்னோர் ஆய்வு

துறையின் முன்னோடி என்று ஒருவரைத்தான் சொல்ல முடியும். பீட்டர் பார்ஸ் என்னும் மருத்துவர் பப்புவா நியூ கினியின் மில்னே விரிகுடா மாகாண மருத்துவமனையில் காயம்பட்டுச் சேர்ந்தவர்களின் நான்காண்டுப் பதிவைப் புரட்டினார். நூற்றுக்கு இரண்டரைப் பேர் தேங்காய் விழுந்து வந்தவர்கள். உரிக்காத தேங்காய் 1 முதல் 4 கிலோ வரை இருக்கும், அது உயரத்திலிருந்து தலையில் இறங்கினால் ஒரு டன்னுக்கு மேற்பட்ட விசை தாக்கலாம் என்று கணக்கும் போட்டு 1984இல் கட்டுரை வெளியிட்டார். 2001இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுக்குத் தரும் பரிசு அது. தென்னைக்குக் கீழே கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பவர் முதல் பாதியைத் தவிர்த்துவிடுவார். ஆண்டுக்கு 150 பேர் தேங்காய் விழுந்து சாகிறார்கள் என்று ஊர் சுற்றி வரும் எண்ணுக்கும் இந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமில்லை. அது எவரோ காற்றில் விட்டது.

2010 நவம்பரில் அமெரிக்க அதிபர் ஒபாமா மும்பை மணி பவனுக்கு வந்தார். அவர் வருமுன் அங்கிருந்த தென்னைகளிலிருந்து காய்களை இறக்கிவிட்டார்கள். பாதுகாப்பு ஏற்பாடு. பார்ஸும் சரி, பாதுகாப்புப் படையும் சரி, அடிப்படை வினாவைக் கேட்கவே இல்லை: அந்தத் தேங்காய்களை எடுத்துக்கொண்டு போனது யார்?

இடத்தேர்வும் வடிவியலும்

மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி என்பது பரிந்துரை. 30க்கு 40 மனையில் வீடு, சம்ப், செப்டிக் டேங்க், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் போக மிஞ்சுவது ஒரு மூலை. கன்னி மூலையில் உயரமானது வரலாம் என்று வாஸ்துக்காரரும் அதற்குள் அனுமதி கொடுத்துவிடுகிறார். மூன்றடிக் குழி வெட்ட வேண்டும், மதிலின் கடைக்கால் சரியக்கூடாது. ஆகவே இரு மதில்களிலிருந்தும் 3 அடி தள்ளிக் கன்று அமர்கிறது. வீட்டுக்காரர் கைதட்டி மண்ணை உதறிவிட்டு, மரம் வைத்தாயிற்று என்று நினைக்கிறார். உண்மையில் அவர் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்.

கணக்கு எளிது. வளர்ந்த தென்னையின் மட்டை 15 அடிக்குக் குறையாது. எனவே தலை, 15 அடி ஆரமுள்ள வட்டம். வட்டத்தின் மையம் இரு மதில்களிலிருந்தும் 3 அடியில் இருக்கும்போது, நட்டவர் மனைக்குள் அடங்கும் பரப்பு நூற்றுக்கு 39 மட்டுமே. மீதி 61 பங்கு பக்கத்து வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் உரியது. இந்த 61 கூடக் கீழ்வரம்புதான். தென்னை நிழலைச் சகிக்காது. மாடிக் கட்டடத்தின் நிழல் ஒரு பக்கம் விழுந்தால், வெளிச்சம் உள்ள பக்கமாகத் தண்டு சாயும். கட்டடம் நம்முடையது, வெளிச்சம் அவர்களுடையது. மரம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்குத் தனியாக ஒரு கருத்தரங்கு வேண்டியதில்லை.

நடவு முறையை நூல்கள் விரிவாகச் சொல்வதால் விரைந்து கடக்கிறோம். 9 முதல் 12 மாதக் கன்று, தடித்த கழுத்து, ஆறு இலைக்குக் குறையாமல், முடிந்தால் இலை கீற்றாகப் பிரியத் தொடங்கியது. குழியைப் பாதி நிரப்பி நட்டு, மரம் வளர வளர மண் அணைக்க வேண்டும். குழியில் கல்லுப்புப் போடும் பாட்டியைப் பார்த்துப் பேரன்கள் சிரித்தார்கள். தென்னைக்குக் குளோரின் முக்கியமான சத்து என்று பிறகு அறிவியலே பாட்டியின் கட்சிக்கு வந்தது. நெட்டையா குட்டையா என்பது மட்டும் எம் துறைக்கு நேரடித் தொடர்புடையது. இரண்டையும் இணைத்து ஒட்டு உண்டாக்கிய முதல் வேலை 1930களில் நீலேஸ்வரத்தில், அன்றைய சென்னை மாகாணத்தில், நடந்தது. விழுபொருளியலில் குட்டையின் மேன்மை வேகத்தில் இருக்கிறது. 60 அடி நெட்டையிலிருந்து விடுபடும் காய் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 68 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. எம் ஊர் நகரப் பேருந்து இதுவரை அந்த வேகத்தை எட்டியதாகத் தகவல் இல்லை. 15 அடிக் குட்டையிலிருந்தானால் 34. விழுவது எந்தப் பக்கம் என்பதைக் குட்டை மாற்றாது. விழுந்த பிறகு எழுப்பப்படும் குரலின் சுருதியை மாற்றும்.

விழுவனவும் அவற்றை வரவேற்கும் முறையும்

நல்ல தென்னை மாதம் ஒரு மட்டை விடும், ஒவ்வொரு மட்டைக் கக்கத்திலும் ஒரு பாளை வெடிக்கும். பூவிலிருந்து முற்றிய காயாக ஓராண்டு ஆகும். ஆக எந்த நேரத்திலும் மரத்தில் ஏதோ ஒன்று விழத் தயாராக இருக்கிறது. மதிப்புக் குறைந்ததிலிருந்து போனால்: முதலில் குரும்பை. பெண் பூக்களில் பெரும்பாலானவை குரும்பையிலேயே உதிர்வது இயல்பு. அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் தொப்பிக்குக் கீழே பழுப்பாக ஒரு முக்கோணத் தழும்பு சில சமயம் இருக்கும். அது ஈரியோஃபைட் சிலந்தியின் வேலை. காம்போரம் வட்டமாகத் துளை இருந்தால் எலி. எலி குடித்ததைப் பற்றி எவரும் வழக்குப் பேசுவதில்லை, அது இரு வீட்டுக்கும் பொதுவானது என்பதால். அடுத்து பன்னாடை, பாளை மடல். பிறகு காய்ந்த மட்டை. கடைசியில் தேங்காய்.

இவற்றோடு, விழுகிறது என்றே தெரியாமல் விழும் ஒன்றையும் சேர்க்க வேண்டும். சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட பிறகு பரவாத இடமில்லை. அது இலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, பிசுபிசுப்பான தேன்துளியைக் கீழே சொட்டும். அதன் மேல் கரும்பூசணம் படரும். பக்கத்து வீட்டு வெள்ளைக் காரின் கூரையில் விரலால் தொட்டால் ஒட்டும், மறுவாரம் கறுக்கும். எதனால் என்று அவர்களுக்குத் தெரியும்வரை உறவு சுமுகமாக இருக்கும்.

களஆய்வில் கிடைத்த முதன்மை முடிவு வருமாறு. மட்டை விழுந்தால், விழுந்த ஓசை அடங்குவதற்குள் மதிலுக்கு மேல் ஒரு தலை தெரியும்.

“அக்கா, உங்க மட்டை எங்க துணி காயப்போட்ட கொடியையே அறுத்துக்கிட்டு விழுந்திருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க.”

தேங்காய் விழுந்தால் அந்தத் தலை தெரிவதில்லை. ஓசை கேட்கிறது, நிச்சயமாகக் கேட்கிறது. அதன் பிறகு ஓர் அமைதி. மறுநாள் அந்த வீட்டிலிருந்து தேங்காய்ப் பால் வாசனையோடு சொதி வந்தால், கிண்ணத்தில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடும் என்பதையும் நடுநிலையோடு பதிவு செய்கிறோம். கிண்ணத்தை வாங்கும்போது தேங்காய் என்ன விலை விற்கிறது என்று பேச்சை எடுப்பது ஆய்வு நெறிக்கு மாறானது.

சட்டம்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு விழும் நிலையிலுள்ள மரத்தைக் கவனித்திருக்கிறது. அண்டையில் வாழ்வோருக்குக் காயம் ஏற்படும் என்றால் மரத்தை அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ நடுவர் உத்தரவிடலாம். 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் இது 152ஆம் பிரிவு. ஆனால் பிரிவு மரம் விழுவதைத்தான் பேசுகிறது. மரம் நிமிர்ந்து நிற்க, காய் விழுவதை அல்ல. எல்லை தாண்டி நீளும் கிளையை அண்டை வீட்டார் தம் பக்கத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்லும் வக்கீல்கள் உண்டு. தென்னைக்குக் கிளை ஏது? இருப்பது ஒரே குருத்து. அதை வெட்டினால் மரமே போயிற்று. பச்சை மட்டையை வெட்டினால் அதன் மேல் சாய்ந்திருக்கும் குலை தாங்கலின்றி ஒடியும். தண்டில் பட்ட வெட்டோ ஆறவே ஆறாது. தென்னந்தண்டு ஒருமுறை உருவான பிறகு பருப்பதில்லை, புண்ணை மூடும் பட்டையும் அதற்கு வளராது. துணிக்கொடிக்கு அடித்த ஆணியும் ஏறுவதற்கு வெட்டிய படியும் மரம் உள்ளவரை அப்படியே இருக்கும்.

விந்தை என்னவென்றால், தென்னை முளைக்காத ஜெர்மனியில் இதற்குத் தெளிவான சட்டம் இருக்கிறது. 1900 முதல் நடப்பிலுள்ள அவர்களுடைய சிவில் சட்டத்தின் 911ஆம் பிரிவுப்படி, அண்டை மனையில் விழுந்த கனி அந்த மனையின் கனியாகவே கொள்ளப்படும். ரோமானியர் எதிர்க்கட்சி: தன் மரத்துக் காய் அடுத்தவன் நிலத்தில் விழுந்தால், ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம், தடுக்கக்கூடாது. எம் தெருவில் பகலில் ஜெர்மன் சட்டமும், அந்த வீட்டார் வெளியூர் போயிருக்கும்போது ரோமானியச் சட்டமும் நடப்பில் உள்ளன.

மூதுரைப் பிரச்சினை

மூதுரையில் ஔவையார் நன்றிக்கு உவமையாகத் தென்னையைக் காட்டியது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும்: அடியில் உண்ட நீரை அது தலையால் திருப்பித் தருகிறது. மேற்கண்ட 61 பங்குக் கணக்கைப் பார்த்தவர்கள், ஔவையார் சொன்னது பொய்த்துவிட்டது, நீர் ஊற்றியவன் ஒருவன், இளநீர் குடிப்பவன் இன்னொருவன் என்று அவசரப்படக்கூடும். பாடலை மேலோட்டமாகப் படிப்பதால் வரும் குழப்பம் இது. உண்ட நீர் யாருடையது என்பதையல்லவா முதலில் விசாரிக்க வேண்டும்?

தென்னைக்கு ஆணிவேர் இல்லை. விரல் தடிமனுள்ள சல்லிவேர்கள் நாலாபுறமும் பரவும். உரம் வைக்கும் பரிந்துரை வட்டம் ஏறத்தாழ 6 அடி ஆரம். வளர்ந்த மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், அதையும் இரு தவணையாக. மூலைத் தென்னையில் இந்த வட்டத்தின் 37 பங்கு மதிலுக்கு அப்பால் கிடக்கிறது. அப்பால் என்ன இருக்கிறது? துவைக்கிற கல், பாத்திரம் கழுவும் தொட்டி, மூடி சரியாகப் பொருந்தாத செப்டிக் டேங்க். நாம் ஞாயிறுதோறும் ஹோஸ் பிடித்து அரைமணி நேரம் நனைக்கிறோம்; அவர்கள் வாரம் முழுவதும் சோப்புத் தண்ணீரும் அரிசி களைந்த நீரும் விடுகிறார்கள். மரம் நன்றி மறக்கவில்லை. தன்னை வளர்த்தவர் யார் என்பதில் நமக்கும் அதற்கும் கருத்து வேறுபாடு, அவ்வளவே.

எதிர்த்திசைப் பாய்ச்சலும் உண்டு. காண்டாமிருக வண்டு குப்பைமேட்டில், மட்கிய எருக்குழியில் முட்டையிடும். அந்த எருக்குழி வழக்கமாக மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும். வண்டு இரவில் பறந்து வந்து விரியாத குருத்தைக் குடையும். அந்தக் குருத்து விரியும்போது ஒவ்வோர் இலையும் கத்தரியால் விசிறி வடிவில் நறுக்கியதுபோல் இருக்கும். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் மட்டையின் அடியில் ஒரு துளை, துளை வாயில் மென்று துப்பிய நார்ச்சக்கை ஈரமாகப் பிதுங்கி நிற்கும். கொக்கிக் கம்பியை உள்ளே விட்டு மெல்லத் திருகினால், கறுத்த முதுகும் மேல்நோக்கி வளைந்த கொம்புமாக, கிறீச்சென்று ஒலி எழுப்பிக்கொண்டு வெளியே வரும். வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டு கலந்து மட்டை இடுக்குகளில் வைத்தால் அடுத்தது தயங்கும். தேங்காய் அங்கே போகிறது, வண்டு இங்கே வருகிறது. வணிகச் சமநிலை எமக்குச் சாதகமாக இல்லை.

இத்தனை தொல்லை எதற்கு, நர்சரியில் பாட்டில் பாம், ஃபாக்ஸ்டெயில், ராயல் பாம் என்று வரிசையாக நிற்கிறதே என்பார் உண்டு. அவற்றில் அடுத்தவர் ஆசைப்படும்படி எதுவும் விழுவதில்லை. ஆய்வுப் பொருள் இல்லாத மரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பனை இன்னும் சிக்கல். ஆணா பெண்ணா என்று அறியவே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் அண்டை வீடு இரண்டு முறை கைமாறியிருக்கும்.

ஏறுபவர்

மேற்கண்ட வடிவியல் முழுவதும் காய் தானாக விழும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துப் பறிக்கும் மரத்தில் தானாக விழுவது சொற்பம். அங்கே தீர்மானிப்பவர் ஏறுபவர். அவர் கிடைப்பதே அரிது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் இளைஞர்களுக்கு ஏறும் கருவியில் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது அதனால்தான். கண்ணூர்ப் பக்கத்துச் செம்பேரி ஜோசப் வடிவமைத்த கருவி இரு கால்களுக்கும் மிதிகட்டை போல அமைந்து, மரத்தைக் கம்பிவடத்தால் பற்றிக்கொண்டு மாறி மாறி மேலேறும். எம் தெருவுக்கு வருபவர் அதைத் தொடமாட்டார். தளைக்கயிறு, இடுப்பில் அரிவாள். பேசி முடிப்பதற்குள் உச்சியில் இருப்பார். உச்சிக்குப் போனதும் கேட்பார்:

“அண்ணே, கார் நிக்கிற பக்கம் போடவா, ஓடு இருக்கிற பக்கம் போடவா?”

“ரெண்டும் வேண்டாம்ப்பா.”

இரண்டும் இல்லாத பக்கம் பக்கத்து வீட்டுத் தோட்டம் ஒன்றே. குலைகள் அங்கே இறங்குகின்றன. அவர்களும் முகம் சுளிக்காமல் பொறுக்கி மதில்மேல் அடுக்கி வைக்கிறார்கள். நம் பங்குக்கு நாமும் இரண்டை அங்கேயே விட்டுவிடுகிறோம். எத்தனை வெட்டினேன் என்று ஏறியவர் ஒரு கணக்குச் சொல்கிறார், மதில்மேல் எண்ணினால் வேறொரு கணக்கு வருகிறது. இரண்டும் ஒத்துப்போன தரவு எதுவும் இந்த ஆய்வில் கிடைக்கவில்லை.