ஸ்பீடு டெஸ்ட் சித்தப்பா

செருப்பைக் கழற்றும்போதே "வைஃபை பாஸ்வேர்டு என்னப்பா?" என்பார். தண்ணீர்ச் சொம்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, செல்போனை ரௌட்டருக்கு நேராக நீட்டியபடி நிற்பார். திரையில் முள் ஏறும். அவர் புருவமும் கூடவே ஏறும். "நாப்பதா? நாப்பதை வச்சுக்கிட்டு எப்படிக் குடும்பம் நடத்துறீங்க?"

பெரம்பலூர் துறைமங்கலத்தில் தொடங்கி அரியலூர், ஜெயங்கொண்டம் வரை சொந்தக்காரர் வீடு ஒன்றையும் அவர் அளக்காமல் விட்டதில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். சித்தப்பாவின் செல்போனுக்கு வாரம் ஏழு நாளும் நடை திறப்புதான். கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் ஒன்று, பந்தி முடிந்து ஒன்று. துக்க வீட்டிலாவது சும்மா இருப்பார் என்று நினைத்தோம். மாலை போட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூத்த பையனின் காதருகே குனிந்தார். ஆறுதல் சொல்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "அப்லோடு ரொம்பக் கம்மியா இருக்கேப்பா" என்றார்.

டெஸ்ட் ஓடும்போது வேறு யாரும் நெட்டைத் தொடக்கூடாது. "டிவியை நிறுத்து. பாப்பா, கிளாஸை அப்புறம் பாத்துக்க." பெங்களூர் ஆபீஸோடு மீட்டிங்கில் இருக்கும் மாப்பிள்ளையும் வெளியே வந்தாக வேண்டும். நெட் எவ்வளவு வேகம் என்று தெரிந்துகொள்ள மொத்தக் குடும்பமும் நெட் இல்லாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். வந்த எண் பிடிக்காவிட்டால் சர்வரை மாற்றுவார். திருச்சி சரியில்லையா, சென்னை. சென்னையும் சரியில்லையா, ரௌட்டரை அணைத்துப் போட்டு மறுபடியும் முதலிலிருந்து. மனசுக்குப் பிடித்த எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். 300 எம்பிபிஎஸ் இணைப்பில் டெஸ்ட் பத்து நொடி முழு வேகத்தில் ஓடினால் 375 எம்பி கரைந்துவிடும். அது அடுத்தவர் டேட்டாதானே.

கடைசியில் தீர்ப்பு ஒன்றுதான்: "குடும்பம்னா 300 வேணும்."

எதற்கு? 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5 இருந்தால் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. நாலு பேர் நாலு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆளுக்கொரு எச்டி படம் பார்த்தாலும் இருபதுதான். நாற்பதில் பாதி மிச்சம். மத்திய அரசின் கணக்கில் 2023 வரை 512 கேபிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட்; அந்த வருஷம்தான் அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், "அரசாங்கம் ஆயிரம் சொல்லும்பா" என்பார்.

அவர் வீட்டில் 300 இருக்கிறது. ரௌட்டர் இருப்பது இரும்பு பீரோவுக்குப் பின்னால். பேரன் நோண்டிவிடுவானாம். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும்; இரும்பைத் தாண்டச் சொன்னால் என்ன செய்யும்? சித்தி மொட்டைமாடிக்குப் போய் மொபைல் டேட்டாவில் சீரியல் பார்க்கிறார். ரௌட்டரை எடுத்துக் கூடத்தில் உயரமாக வைத்தால் தீர்ந்தது. அந்தப் பீரோவை நகர்த்தச் சொல்லும் தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்கள் தெருவில் தாழ்வாகத் தொங்கிய ஃபைபரை இழுத்து அறுத்துக்கொண்டு போன அன்று, லைன்மேனைத் தேடிப் பிடித்து வண்டியில் ஏற்றி வந்தவர் சித்தப்பாதான். ஒட்டி முடிக்கும்வரை தூறலில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு 40 வைத்திருந்தவனுக்கும் சைபர்தான், 300 வைத்திருந்தவனுக்கும் சைபர்தான். புது இணைப்பு எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது, ஒயர் அறுந்தால் ஆள் எப்போது வருவார் என்பதைத்தான். சித்தப்பாவிடமும் அதைச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. லைன் வந்த சந்தோஷத்தில் டெஸ்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய அக்கா, எங்கள் அத்தை, அரியலூரில் தனியாக இருக்கிறார். குடும்ப பென்ஷன். துபாயில் இருக்கும் மகனோடு ராத்திரி கால் மணி நேரம் வீடியோ காலில் பேசுவார், காலையில் யூடியூபில் சுப்ரபாதம் கேட்பார். நெட்டின் வேலை அவ்வளவுதான். கையில் இருப்பது பழைய மலிவுப் போன். அந்த மாதிரிப் போன்களில் வைஃபை இணைப்பு வழக்கமாக 72 எம்பிபிஎஸுக்கு மேல் ஏறாது. அத்தையையும் இவர் விடவில்லை. "அக்கா, நீ எதுக்கு 30ல கெடந்து கஷ்டப்படுற?" அத்தைக்கு ஒரு கஷ்டமும் இல்லை, தம்பி சொல்லைத் தட்டத் தெரியாததைத் தவிர. இப்போது அவர் வீட்டிலும் 300.

இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரை வாங்கும்போது பத்து ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறவர் அத்தை. 30க்கே திரும்பிவிடலாம் என்று விசாரித்தேன். அடுத்த மார்ச் வரை முடியாதாம். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று கட்டவைத்ததும் சித்தப்பாதான்.