விலையில்லா அறிவுரை

ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பொருட்களை எழுதி வைத்தால் கல்யாண மளிகைச் சிட்டை மாதிரி நீளும். பாடப்புத்தகம், நோட்டு, நான்கு செட் சீருடை, புத்தகப் பை, காலணி, வண்ணப் பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ், அட்லஸ், பஸ் பாஸ். பதினொன்றாம் வகுப்பு என்றால் ஒரு சைக்கிளும் உண்டு. எல்லாம் ஒரே நாளில் வந்துவிடாது, வகுப்புக்கு வகுப்பு மாறும், சில ஆடி அசைந்து பின்னால் வரும் என்பது வேறு விஷயம். அரசுக் காகிதங்களில் இவற்றுக்கு முன்னால் ‘இலவச’ என்று போடுவதைவிட ‘விலையில்லா’ என்று போடத்தான் பிரியப்படுகிறார்கள். விசித்திரமான சொல். விலை மதிக்க முடியாதது என்றும் பொருள், காசு வாங்காமல் கொடுப்பது என்றும் பொருள், எவரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள் என்றும் பொருள். இந்த மூன்றுக்கும் ஒருசேரப் பொருந்துகிற பண்டம் ஒன்றும் இதே ஜூனில் விநியோகமாகிறது. அதற்கு அரசாணை இல்லை, டெண்டர் இல்லை, கையெழுத்துப் போட்டு வாங்கும் பதிவேடு இல்லை. தட்டுப்பாடு வந்ததாகச் சரித்திரமும் இல்லை. அதுதான் அறிவுரை. முதல் பொருளில் அதைக் கொடுக்கிறார்கள். மூன்றாம் பொருளில் பிள்ளைகள் வாங்கிக்கொள்கிறார்கள்.

பள்ளி திறக்கும் வாரத்தில் ஊரே கல்வியாளராகிவிடுகிறது. சீருடையோடு தெருவில் இறங்கும் பிள்ளையை மாமா நிறுத்துவார், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி நிறுத்துவார், பால் பாக்கெட் போடுகிறவர்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிறுத்துவார். மூவரும் சொல்வது ஒன்றுதான்: “இந்த வருஷம்தான் முக்கியமான வருஷம்.” ஒன்றாம் வகுப்பில் அஸ்திவாரம் என்பதால் முக்கியம். ஆறில் புதுப் பள்ளி என்பதால் முக்கியம். ஒன்பது, பத்துக்கு முந்தியது என்பதால் முக்கியம். பத்து, பத்தாக இருப்பதாலேயே முக்கியம். அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் ஜாலிதான் என்று சத்தியம் செய்தவர்களே பதினொன்றின் வாசலில் நின்று பன்னிரண்டைக் காட்டுகிறார்கள். பன்னிரண்டு வருஷமும் முக்கியம் என்றால் எதுவுமே தனியாக முக்கியமில்லை என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கணக்கில் அவர்களுக்கு நூற்றுக்கு நூறு கொடுக்க வேண்டிய ஒரே இடம் அது. 2023-ல் வெயில் தாங்காமல் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளித் திறப்பை ஜூன் 1-லிருந்து 7-க்கும், பிறகு 12-க்கும் தள்ளிப் போட்டார்கள். அறிவுரை வழங்கலை ஒருநாளும் தள்ளிப் போடவில்லை. கூடுதலாகக் கிடைத்த நாட்களில் அது வீட்டுக்குள்ளேயே தொடர்ந்தது.

என் கட்சி இதுதான்: பள்ளி திறக்கிற மாதத்தில் ஊர் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டிய உதவி கையால் செய்வது, வாயால் செய்வதல்ல. இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் நம் பள்ளிகளின் நூற்றாண்டு வரலாறே சாட்சி. 1920-ல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்கிலிருந்த தன் பள்ளியின் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. அந்த ஓர் அணாக்களைச் சேர்த்து ‘கல்வியின் மேன்மை’ என்று ஒரு துண்டுப் பிரசுரம் அச்சடித்து வீடுவீடாகக் கொடுத்திருக்கலாம். செலவும் குறைவு, பெயரும் நிற்கும். அவர்களுக்குத் தட்டு ஞாபகம் வந்தது. திட்டம் வேறு சில மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் பரவிப் பிள்ளைகள் கூடினார்கள். 1925-ல் நிதிக் காரணம் காட்டி நிறுத்தியபோது குறைந்தார்கள். கல்வியின் மேன்மை இரண்டு நாளிலும் ஒரே அளவில்தான் இருந்தது. பிறகு 1956-ல் காமராசர் மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் மு.க.ஸ்டாலின் தொடங்கி அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன காலை உணவு. நீதிக்கட்சி, காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க. என்று நூறு வருஷமாக ஒன்றோடொன்று வேறெதிலும் ஒத்துப்போகாத நான்கு கட்சிகள், பிள்ளையின் முன்னால் முதலில் வைக்க வேண்டியது தட்டு என்பதில் மட்டும் ஒத்துப்போயின. நான்கின் மேடைப் பேச்சும் நான்கு தினுசு. சாம்பார் ஒன்று. உறவினர் வீட்டில் உப்புமா என்றால் முகம் சுளிக்கிற ஒரு சமுதாயத்தில், அதே உப்புமாவை நம்பி ஒரு மாநிலம் காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் வரவழைக்கிறது. எந்த அறிவுரைக்காவது அப்படி எட்டரை மணிக்குக் கூட்டம் கூடியதுண்டா?

இது அரசாங்கத்தின் சமாச்சாரம், ஊருக்கும் இதற்கும் என்ன என்று கேட்கலாம். ஊருக்கும் நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது. 1950-களின் பிற்பகுதியில் நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது ‘பள்ளிச் சீரமைப்பு மாநாடு’ என்று ஊர் ஊராக நடந்தது. பெயரைப் பார்த்தால் பேச்சாளர்கள் மைக்கைப் பிடித்துத் தொங்கியிருப்பார்கள் என்று தோன்றும். பேச்சும் இருந்திருக்கும், மாநாடாயிற்றே. ஆனால் அதன் பெயர் இன்றும் நிற்பது மக்கள் கொண்டுவந்து கொடுத்ததால்: நிலம், கட்டடம், பெஞ்சு, கடிகாரம், தேசப்படம், தட்டு. அதன் பேரப்பிள்ளைதான் இன்று பல ஊர்களில் நடக்கும் ‘கல்விச் சீர்’. பார்க்க வேண்டிய காட்சி. மேளம் முன்னே போகும். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு பெண்கள் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் குட்டியானை வண்டியில் பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி, பக்கெட், துடைப்பம், நோட்டுக் கட்டு எல்லாம் ஊர்வலமாக வரும். பள்ளிக்கூடம் அன்றைக்கு மருமகள், ஊர் தாய்மாமன். நம் வாழ்க்கையில் அறிவுரைக்கு இடமே இல்லாத சடங்கு ஒன்று உண்டென்றால் அது சீர்தான். தாய்மாமன் தட்டை இறக்கி வைத்துவிட்டு மாலையைப் போட்டுக்கொண்டு பந்தியைப் பார்த்துப் போய்விடுவார். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எப்படி என்று வகுப்பெடுக்க மாட்டார்.

சீரிலும் ஒரு கோளாறு உண்டு, மறைக்க வேண்டாம். கொடுப்பவர்களுக்குச் சுவர்க் கடிகாரத்தின் மேல் தீராத காதல். விலை மலிவு, பெயர் எழுத வட்டமாக நல்ல இடம், நாளெல்லாம் நூறு பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஆகவே பல பள்ளிகளில் ஒரே சுவரில் மூன்று நேரம் ஓடுகிறது. அதே பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. ஒரு தாழ்ப்பாள் ஒரு கடிகாரத்தைவிட மலிவு. அதில் பெயர் பொறிக்க முடியாது, பொறித்தாலும் நன்றாக இருக்காது. பினாயில், வாளிக்கு மக்கு, தண்ணீர்க் குழாய்க்கு வாஷர், மாதாமாதம் எட்டிப் பார்க்கிற அந்த நாட்களுக்கு ஒரு பெட்டி நாப்கின், இவையெல்லாம் மேளதாளத்தோடு தாம்பாளத்தில் வருவதில்லை. வந்தால் ஒரு பிள்ளை மத்தியானத்தோடு வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போவது நிற்கும். தண்ணீரே குடிக்காமல் மாலை வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் “கவனம் சிதறக் கூடாதும்மா” என்று சொல்லும் உபதேசியைவிட, ஸ்குரூ டிரைவரும் நான்கு ஸ்குரூவுமாக வந்து போகிறவர் பெரிய கல்வியாளர்.

பெரியவர்கள் நல்லது சொல்வது நம் மரபாயிற்றே, வள்ளுவரே அறிவுரைதானே சொன்னார் என்று ஒரு மறுப்பு வரும். வரட்டும். திருக்குறளில் 133 அதிகாரங்கள். கல்விக்கு ஒன்று, கல்லாமைக்கு ஒன்று, கேட்டுக்கொள்வதற்குக் ‘கேள்வி’ என்று ஒன்று, வெட்டிப்பேச்சுப் பேசாதிருப்பதற்குப் ‘பயனில சொல்லாமை’ என்று ஒன்று. ‘அறிவுரை கூறல்’ என்று ஒன்றும் இல்லை. நூல் முழுவதுமே அதுதானே, தனி அதிகாரம் எதற்கு என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். ஆனால் அவர் ஒவ்வொரு தடவையும் ஏழு சீரோடு நிறுத்திக்கொண்டார். நம் எதிர்வீட்டுக்காரரிடம் ஏழு சீர் என்ற எல்லையைச் சொல்லிப் பாருங்கள், முன்னுரைக்கே போதாது என்பார். ஏழு சீரில் முடிப்பவருக்கு என் வாதத்திலிருந்து முழு விலக்கு.

இன்னொரு மறுப்பு கனமானது. தாழ்ப்பாளும் உப்புமாவும் பயத்தைப் போக்குமா? முதல் நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும், ஐந்து முடித்துப் பெரிய பள்ளியில் ஆறாம் வகுப்பில் நுழையும் பிள்ளைக்கும் ஆறுதல் வார்த்தை வேண்டாமா? வேண்டும். ஆனால் தகவல் வேறு, அறிவுரை வேறு. தகவல் பள்ளியைப் பற்றியது, அறிவுரை பிள்ளையைப் பற்றியது. ஐந்து வருஷம் ஒரே ஆசிரியரின் முகத்தைப் பார்த்துப் பழகிவிட்டு, இப்போது மணியடித்தால் ஆளே மாறும் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்குத் தெரிய வேண்டியது, எந்தக் குழாயில் தண்ணீர் வரும், கழிவறை எந்தப் பக்கம், எந்த மணி சாப்பாட்டு மணி, டைம்டேபிளில் ‘பி.இ.டி.’ என்றால் என்ன என்பதுதான். இதை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியும் விடும். “தைரியமா இருக்கணும்” என்று பெரியவர் சொல்லும்போது, பயப்பட ஏதோ இருக்கிறது என்ற செய்திதான் முதலில் போய்ச் சேருகிறது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையை அரும்பு என்றார்கள், கொஞ்சம் தேறினால் மொட்டு, நன்றாக வாசித்தால் மலர். அரசாங்கமே பூப்பெயரைத் தேடி வைக்கிறது. வீட்டு வாசலில் மாமா ஒரே சொல்லில் “மக்கு” என்று முடித்துவிடுகிறார். வாளிக்குத்தான் மக்கு வேண்டும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

ஊர் பேசவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை, பேசுவதற்கென்று சட்டமே ஓர் இடம் வைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். 2024-ல் தமிழ்நாட்டில் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். “எங்க காலத்துல” என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு அதனால் அதிகாரபூர்வ மேடை கிடைத்தது என்பது பக்கவிளைவு. அந்தக் கூட்டங்களில் சிறப்பு விருந்தினர் பேசினால் பேச்சில் கல்வி, ஒழுக்கம், வருங்காலத் தூண்கள் எல்லாம் வரும். மெஸ்ஸில் பாத்திரம் கழுவிவிட்டு அரை நாள் கூலியை விட்டு வந்த ஒரு தாய் எழுந்தால் குழாய், நாய், தாழ்ப்பாள், நாலரை மணி பஸ் என்று பேசுவார். பிள்ளைக்கு அருகில் இருப்பவரின் பேச்சு பெயர்ச்சொல்லாக வருகிறது. தள்ளிப் போகப் போகப் பண்புப்பெயராகிவிடுகிறது. முதல் வகையை மினிட் புத்தகத்தில் எழுதினால் வேலை நடக்கும்.

இலவசமாகக் கொடுத்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறோம் என்கிறவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் இதுவரை பிள்ளைகளுக்குக் கொடுத்ததும் இலவசம்தான், வாயால் கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

எல்லா அறிவுரையும் வீண் என்று சாதிக்க வந்தவனும் அல்ல நான். டவுன் பஸ் கண்டக்டரைப் பாருங்கள். ஜூனில் புதிய பஸ் பாஸ் அச்சாகி வரும் வரை, சீருடையையும் பழைய பாஸையும் பார்த்தே ஏற்றிக்கொள்ளச் சொல்லி ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பு வரும். அவரும் ஏற்றிக்கொள்வார். எந்த வகுப்பு, எத்தனை மார்க், பெரியவனாகி என்ன ஆகப் போகிறாய் என்று கேட்க மாட்டார். அவர் சொல்வது ஒன்றே ஒன்று: “படியில நிக்காத, உள்ள போ.” அதைச் சொன்ன நிமிடத்திலேயே செய்துவிடலாம், செய்தால் உயிர் மிஞ்சும், செய்யாவிட்டால் விசிலடித்து வண்டியை நிறுத்திவிடுவார். இந்த மூன்று லட்சணமும் பொருந்தினால் தாராளமாகச் சொல்லுங்கள்.

அடுத்த ஜூனில் சீருடைப் பிள்ளை ஒன்று உங்கள் வாசலைக் கடந்தால் வழி விடுங்கள். சைக்கிள் செயின் கழன்றிருந்தால் மாட்டிவிடுங்கள், பையின் ஜிப் வாயைப் பிளந்திருந்தால் ஒரு ஊக்குக் கொடுங்கள். பள்ளிக்கு ஏதாவது வாங்கித் தர நினைப்பவர்கள் முதலில் அங்கே போய் ஒரு கழிவறைக் கதவைச் சாத்திப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகவும். கடிகாரம் வேண்டாம்.