அரைக்கிலோ வீரம்

வா கண்ணு, உக்காரு. போன்ல இன்னா படம் பாக்கறே? ரிவால்வரா! லைசென்ஸுக்கு இன்னும் எழுதிப் போடல, அதுக்குள்ள கலர் பாக்கறியா? பொண்ணு பாக்கப் போனவன் பொடவைக்கு வெலை கேட்டானாம்.

இந்தக் காக்ஸ் டவுன்ல முப்பது வருசம் முலாம் பட்டறையில கை வெந்தவன்டா நான். பளபளப்பைக் காட்டி என்னை ஏமாத்த முடியாது.

நீலக் கறுப்பு, நீலக் கறுப்புன்னு வாய் பொளக்கறியே, அது இன்னா தெரியுமா? துரு! காஸ்டிக் சோடாத் தண்ணியில இரும்பைக் கொதிக்க வச்சு, நல்ல துருவை ஏத்திக் கெட்ட துருவை வாசல்லயே நிறுத்தறது. எண்ணெய் தடவாம வச்சியோ, உன் வேர்வையே அதைத் தின்னுடும்.

அலுமினியத்துக்கு அந்த வித்தை செல்லாது. அமிலத்துல முக்கி, கரண்டு வுட்டு, சாயம் ஏத்தணும். உங்கம்மா அடுப்புல கறுப்புக் கடாய் இருக்கே, அது இதுக்குச் சித்தப்பன் புள்ளை. அழுத்திக் கீறினா ரெண்டும் வெள்ளையாத்தான் இளிக்கும்.

சரி, தோலு போகட்டும், எலும்பைப் பாரு. 1950லயே கோல்ட் துப்பாக்கிக் கம்பெனிக்காரன் அலுமினிய ஃபிரேம் போட்டு 'கோப்ரா'ன்னு ஒரு ரிவால்வர் பண்ணான். ஆனா தோட்டா வெடிக்கிற சிலிண்டரை மட்டும் இரும்புலயே வுட்டான். புத்திசாலி. அமெரிக்க விமானப்படைக்காரங்களுக்கு அது பத்தல. சிலிண்டரையும் அலுமினியத்துல கேட்டாங்க. அழுத்தம் தாங்கல. கடைசியில முக்கால்வாசியை அவங்களே ஒடைச்சுப் போட்டாங்க. காத்துல பறக்கறவனுக்கும் கனம் வேண்டிய எடம் ஒண்ணு இருக்குது பாரு.

நம்ம ஊரு கதைக்கு வரேன். 2012ல டில்லியில ஓடற பஸ்ஸுல ஒரு பொண்ணுக்கு நடந்த கொடுமைக்கப்புறம், 2014 சனவரியில கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலை 'நிர்பீக்'னு ஒண்ணு வுட்டுது. .32 ரிவால்வர், டைட்டானியக் கலவை, 500 கிராம் பக்கம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில கறுப்பு மணல் வாரறாங்களே, அதுல ஒளிஞ்சிருக்கற உலோகம்தான் டைட்டானியம். இரும்பு எடையில பாதிக்குக் கொஞ்சம் மேல. துருப் பிடிக்காது. கடைசல்காரனை அழ வச்சிடும். எல்லாம் நல்லதுதான். வெலை? அப்பவே 1,22,360 ரூவா! பொம்பளைங்களுக்குன்னு சொல்லி நகைப்பொட்டியில வச்சுக் குடுத்தாங்க. ராத்திரி பஸ்ஸுக்கு நிக்கறவகிட்ட லட்ச ரூவா ஏதுடா? அது இருந்தா அவ ஏன் பஸ்ஸுக்கு நிக்கறா?

இன்னொரு கணக்கு. அந்தத் தொழிற்சாலையோட பழைய இரும்பு .32 எடை 700 கிராம் பக்கம். இதுக்கும் அதுக்கும் ஒரே தோட்டா, ஒரே மருந்து. அந்த 200 கிராம் வாங்கிக்கிட்டிருந்த உதையை இப்ப யாரு வாங்கறது? உன் மணிக்கட்டுதான். பை இளைச்சா தோளுக்கு சொகம், துப்பாக்கி இளைச்சா கைக்கு வலி. அது மட்டுமா? சுத்தியலை ஏத்தாம ஒரே இழுப்பா விசையை இழுக்க, இந்த மாதிரி ரிவால்வருங்கள்ல பொதுவா நாலஞ்சு கிலோ பலம் வேணும். சாமான் அரைக்கிலோ, இழுவை அஞ்சு கிலோ. குறி எங்கடா நிக்கும்?

மூஞ்சியைத் தூக்காதே. அந்தப் பையில அரைக்கிலோ தக்காளி இருக்குது. ஒத்தக் கையில நீட்டிப் புடி. டீ ஆறற வரைக்கும் ஆடக்கூடாது.

இன்னாடா, அதுக்குள்ள நடுங்குது?