ஓட்டை எங்கே போடுவது?

கணினியின் கேசிங்கை வெட்டி, துளைத்து, விளக்குப் போட்டு அழகு பார்க்கும் பைத்தியம் புழுக்கமான அறைகளில் பிறந்தது. இன்டெல் 1995இல் ஏ.டி.எக்ஸ். அளவை வகுத்த பிறகு, யாருடைய பெட்டிக்குள்ளும் யாருடைய மதர்போர்டும் உட்காரத் தொடங்கியது. 1998இல் வந்த செலரோன் 300ஏ சிப்பை 450 மெகாஹேர்ட்ஸுக்கு விரட்டினார்கள். விரட்டினால் சூடாகும், சூடானால் விசிறி வேண்டும், விசிறிக்கு ஓட்டை வேண்டும். அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் உள்ளே இருப்பது மங்கலாகத் தெரிகிற நீல நிற ஐமேக்கை இறக்கியது. மேசைக்கடியில் பழுப்பு டப்பா வைத்திருந்தவர்களுக்கெல்லாம் மானம் போய்விட்டது. அன்று எடுத்த வாளை இன்னும் யாரும் கீழே வைக்கவில்லை.

நானும் எடுத்தேன். ஆனால் நான் இருப்பது நல்லதண்ணி.

சிவனொளிபாதமலை ஏற வந்தவர்களுக்கு இந்த ஊர் தெரியும். டிசம்பர் போயாவுக்குத் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிற சீசனில் வருவார்கள். தேத்தண்ணி குடித்து, நூல் தொப்பி வாங்கி, இரவோடு இரவாக 2,243 மீற்றர் உச்சிக்கு ஏறி இறங்கிப் போய்விடுவார்கள். மிச்ச மாதங்களில் இங்கே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மழை நடக்கிறது. மழை ஓய்ந்தால் மூடுபனி ஜன்னல் வழியாக வந்து வீட்டாளைப் போல உட்கார்ந்துகொள்ளும். உப்பு தண்ணியாகும், தீப்பெட்டி உரசாது, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பூஞ்சணம் தாடி வளர்க்கும்.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, "சூட்டை எப்படியாவது வெளியே தள்ளுங்கள்" என்று வெள்ளைக்காரர்கள் சொல்லும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்குறதே இத்தினியூண்டு சூடு, அதையும் ஏன்யா வெளிய தள்ளுற?" என்றார் அப்பாயி. உலகத்துக் கேசிங் வல்லுநர் எவரும் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கவில்லை.

எனக்கு வெட்ட வேண்டிய காரணம் வேறு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது என் மெஷின் குளிர்ந்து கிடந்தது. ஓடுகிற மெஷினில் ஈரம் தங்காது, ஏனென்றால் அதன் உடம்பு சுற்றியிருக்கிற காற்றைவிடச் சூடு. அணைத்துப் போட்டு இரும்பு குளிர்ந்த பிறகு அடுப்படியிலிருந்து சோற்று ஆவி வந்து படும் பாருங்கள், அதுதான் துளியாகி உள்ளே இறங்கும். திறந்து பார்த்தபோது ஆணியெல்லாம் சிவந்திருந்தது. புதுக் கேசிங் வாங்கலாம் என்றால், அந்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியிருந்தது. ஆகவே இருப்பதை வெட்டுவது என்று முடிவாயிற்று.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டராக இருக்கும் மாமாவிடம் போனேன். தேயிலை மெஷின்களோடேயே வாழ்ந்தவர். கணினியைத் தொட்டதில்லை. கேசிங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கொழுந்து வாட்டுற தொட்டி பாத்திருக்கியாப்பா? அடியில காத்து, நடுவுல வலை, மேல கொழுந்து. பெரிய பேன் ஒன்னு ராவெல்லாம் ஊதுது. எலையில இருக்கிற தண்ணிய எடுக்கிறது நெருப்பு இல்ல, காத்து. ஒனக்கு வேண்டியதும் அதுதான். முன்னால கீழ உள்ள போகட்டும், பின்னால மேல வெளிய வரட்டும்."

வீடியோக்காரர்கள் அரைமணி நேரம் அம்புக்குறி போட்டு விளக்கியது இதைத்தான். அவர்கள் சூட்டை விரட்ட ஊதுகிறார்கள், நாங்கள் ஈரத்தை விரட்ட ஊதுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

"மேல்தகட்டிலும் ஒரு ஓட்டை போடலாமா மாமா? எல்லாரும் போடுறாங்க."

"ஒங்க காம்பராவுல மழைக்கு எங்க ஒழுகும்?"

வீட்டுக்கு வந்து மேலே பார்த்தேன். கேசிங் வைக்கிற மூலைக்கு நேர் மேலே தகரத்தில் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. மேல் ஓட்டைத் திட்டம் அங்கேயே கைவிடப்பட்டது.

120 மில்லிமீற்றர் விசிறிக்கு ஆணித் துளைகள் 105 மில்லிமீற்றர் சதுரத்தில் வர வேண்டும். அட்டையில் அளந்து வெட்டி, தகட்டில் ஒட்டி, குறித்தோம். அந்த அளவுக்கு ஹோல் சோ எங்களிடம் ஏது? வட்டம் போட்டு, வட்டத்தின் மேலேயே நெருக்கமாகச் சின்னத் துளைகள் போட்டு, இடையில் தகரக் கத்தரியை விட்டு நறுக்கி, அரத்தால் ராவினோம். அதற்கு முன்பே மதர்போர்டையும் மற்றதையும் கழற்றி, கட்டிலில் பேப்பர் விரித்துப் பரப்பியிருந்தேன். அப்பாயி எட்டிப் பார்த்து, "பொழைச்சுக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

லயத்தில் இரகசியமாகத் தகரம் வெட்ட முடியாது. நடுச்சுவர் கூரையைத் தொடாத வரிசை வீடுகள், ஒரு கோடியில் தும்மினால் மறு கோடியில் நூறு என்பார்கள். டிரில் சத்தம் கேட்டதும் வாசலில் ஆள் கூடிவிட்டது. தோட்டத்திலிருந்து கூரை திருத்த ஆள் வந்துவிட்டது என்று எண்ணம். "எங்க வூட்டுத் தகரத்தையும் ஒரு பார்வ பாத்துருங்க" என்றார் மூன்றாம் வீட்டு அக்கா. பல வருடக் கோரிக்கை அது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஒழுகுற தகரத்த உட்டுப்புட்டு ஒழுகாத தகரத்துல ஓட்டை போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அலங்காரமும் வேண்டுமல்லவா? வெசாக் கூட்டுக்குள் போட்டிருந்த 12 வோல்ட் எல்.ஈ.டி. பட்டியை உள்ளே ஒட்டி, பவர் சப்ளையின் மஞ்சள் கம்பியிலும் கறுப்புக் கம்பியிலும் இணைத்தேன். நீல வெளிச்சம் அள்ளியது. அன்றிரவே சாமிமலைப் பக்கத்து விட்டில்கள் உட்பட எல்லாப் பூச்சிகளும் புது ஓட்டை வழியாகத் தரிசனத்துக்கு வந்துவிட்டன. மாமா ஸ்டோரில் கழித்துப் போட்ட சல்லடை வலைத் துண்டொன்றைக் கொண்டுவந்து விசிறிக்கு முன்னால் அடித்தார். "இதுல பி.ஓ.பி. தேயில நிக்கும், டஸ்ட் மட்டுந்தான் எறங்கும். அத நீயே தொடைச்சுக்க."

ஈரப் பிரச்சினை தீர்ந்தது. மெஷினை இரவும் பகலும் ஓட விடுகிறேன். அப்பா கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஆனால் அப்பாயிக்குப் பின்பக்கத்து விசிறியிலிருந்து இளஞ்சூட்டில் காற்று வருவது தெரிந்துவிட்டது. முதலில் தங்கச்சியின் பள்ளிக்கூடக் காலுறை வந்தது. பிறகு நூல் தொப்பி. கருவாடு வந்த அன்றுதான் நான் மறுப்புத் தெரிவித்தேன். பக்கத்து வீட்டிலிருந்தும் காலுறை வர ஆரம்பித்திருக்கிறது, வரிசையை அப்பாயி பார்த்துக்கொள்கிறார். இந்த வீட்டில் காய்ந்த இடம் என்று ஒன்று இருந்தால் அது என் கேசிங்தான்.

கேசிங் வெட்ட நினைக்கும் மலைநாட்டுப் பிள்ளைகளே, மதர்போர்டைக் கழற்றி வேறு அறையில் வைக்காமல் டிரில்லைத் தொடாதீர்கள், ஒரு இரும்புத்தூள் போதும் ஷோர்ட் ஆவதற்கு. விசிறியின் பின்பக்கத்தை வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் படாமல் சுவரோரமாகத் திருப்பி வையுங்கள். மேல்தகட்டை வெட்டத்தான் வேண்டும் என்றால், மழை பெய்கிற ஒரு நாளில் அண்ணாந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள்.