கயிற்றை விடாதீர்கள்!

பரீட்சை முடிந்த மறுநாளே வாசகர்கள் தபால் பையில் கூடாரம் போட்டுவிட்டார்கள். இந்த வாரம் முழுக்க முழுக்க சாகச முகாம் கேள்விகள்தான்.

ஆர்.கே., சேலம்
அபாகஸ், செஸ், கீபோர்டு என்று தெருவுக்கு நாலு ‘சம்மர் கேம்ப்’ போர்டு தொங்குகிறது. சாகச முகாம் என்பது இதிலிருந்து எப்படி வேறு?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து “என்னம்மா டிபன்?” என்று கேட்க முடிந்தால் அது வகுப்பு. கேட்க முடியாத தூரத்தில் இருந்தால் முகாம். அந்த டிபனை ஈர விறகை ஊதி ஊதி அவனே கிண்ட வேண்டியிருந்தால் சாகச முகாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்
பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போகும் இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர் யார்?

விசுவாமித்திரர். பிள்ளைக்குப் பதினாறுகூட நிரம்பவில்லை, வேண்டுமானால் நானே படையோடு வருகிறேன் என்று வால்மீகியில் தசரதன் கெஞ்சுவார். இன்றைய அப்பாக்கள் முகாம் ஆபீஸுக்குப் போன் போட்டுப் பாடுவதும் அதே ராகம்தான்.

நம் காலத்துக் கணக்கு 1861-இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஃபிரெடரிக் கன் என்ற பள்ளி ஆசிரியர் தன் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போய் இரண்டு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தார். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவலின் முகாம். அதிலிருந்து பிறந்ததுதான் சாரணர் இயக்கம். 1941-இல் வேல்ஸில் கர்ட் ஹான் தொடங்கிய பள்ளியின் கதை இன்னும் சுவாரஸ்யம். போரில் கப்பல் மூழ்கி, உயிர்காக்கும் படகில் தத்தளிக்கும்போது, வாட்டசாட்டமான இளம் மாலுமிகள் முதலில் மனம் விட்டுவிடுகிறார்கள், வயதானவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஒரு கப்பல் முதலாளி கவலைப்பட்டார். இளைஞர்களுக்கு உடம்பில் பலம் இருந்தது. ‘இதைவிட மோசத்தையும் பார்த்தாச்சு’ என்கிற நினைப்பு இல்லை. அதை ஊட்டத்தான் அந்தப் பள்ளி. பெயர் ‘அவுட்வர்ட் பவுண்ட்’. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பலுக்கு மாலுமிகள் சொல்லும் வார்த்தை அது.

பெயர் வேண்டாம், ஒன்பதாம் வகுப்பு, மதுரை
எனக்கு மொட்டை மாடியிலிருந்து எட்டிப்பார்த்தாலே பயம். முகாமில் கயிறு கட்டிப் பாறையில் இறக்குவார்களாம். வயிற்றுவலி என்று சொல்லித் தப்பிக்கலாமா?

தம்பி, அந்த வயிற்றுவலியை உன் பயிற்சியாளர் ஆயிரம் முறை பார்த்திருப்பார். அதே வயதில் நானும் அதைச் சொன்னேன். ஒரு தம்ளர் ஓமத்தண்ணீர் கொடுத்து வரிசையில் கடைசியாக நிறுத்தினார்கள்.

என்ன நடக்கும் என்று முன்னாலேயே தெரிந்துகொள். தாடைக்குக் கீழே ஹெல்மெட் வார். இடுப்பிலும் இரண்டு தொடையிலும் ‘ஹார்னஸ்’ பட்டை. தொப்புளுக்கு நேரே ‘காரபினர்’ என்கிற வளையம். அதன் பூட்டைத் திருகிவிட்டு, அமுக்கிப் பார்ப்பார்கள். நீயும் ஒரு தடவை அமுக்கிப் பார். பிறகு பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கஷ்டம் மொத்தமும் முதல் அடியில்தான். உடம்பு பாறையைக் கட்டிப்பிடிக்கச் சொல்லும். கட்டிப்பிடித்தால் கால் வழுக்கி முட்டி சிராய்க்கும். நாற்காலியில் உட்காருவதுபோலப் பின்னால் சாய்ந்தால், ஷூவின் அடி முழுக்கப் பாறையில் பதியும். அதற்கப்புறம் அது வெறும் நடை. இடுப்புப் பக்கம் கயிற்றைப் பிடித்திருக்கும் கைதான் பிரேக். மூக்கு அரித்தால் மற்றக் கையால் சொறிந்துகொள்.

பயம் வேறு, ஆபத்து வேறு. நல்ல கயிறும் தேர்ந்த ஆளும் இருக்க, நாற்பது அடி இறங்குவதில் பயம் அதிகம், ஆபத்து குறைவு. ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேர் ஒரே பைக்கில் டியூஷன் போவதில் ஆபத்து அதிகம், பயமே கிடையாது.

எம்.எஸ்., கோயம்புத்தூர்
பணம் கட்டுவதற்கு முன்னால் முகாம்காரர்களிடம் என்ன கேட்கலாம்?

‘ஏசி ரூம் உண்டா?’ என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: கயிற்றைப் பிடிக்கப்போவது யார், எங்கே படித்தவர்? எவரெஸ்ட் டென்சிங் களப்பயிற்சிக்குத் தலைமை தாங்கிய டார்ஜிலிங் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1954-இல் வந்தது. உத்தரகாசியில் உள்ளது 1965-இல். அங்கே ‘பேசிக் கோர்ஸ்’ முடித்தவர் ஏறக் கற்றவர். பிறருக்குக் கற்றுத்தரத் தனிக் கோர்ஸ் இருக்கிறது. அதை முடித்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள்.

இரண்டாவது, கயிற்றின் வயது. நைலான் கயிறு அலமாரியில் தூங்கினாலும் கிழடாகும். பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதே தயாரிப்பாளர்களின் பொதுவான கணக்கு. நன்றாக உழைத்த கயிறு அதற்கு வெகு முன்பே ஓய்வு பெற வேண்டும். மூன்றாவது, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள்? நான்காவது, படகுச் சவாரி உண்டென்றால் பிள்ளையின் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா? தோளில் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறும் ஜாக்கெட் தண்ணீரில் கழன்றுவிடும். ஐந்தாவது, பாம்புக்கடிக்கு மருந்து வைத்திருக்கும் ஆஸ்பத்திரி எத்தனை நிமிடத்தில்? ஆறாவது, ராத்திரி பெண் பிள்ளைகள் பக்கம் எந்தப் பெண் பொறுப்பாளர் இருப்பார்?

கேட்டதும் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ‘இருங்க மேடம்’ என்று உள்ளே ஓடிக் கயிற்றைத் தூக்கிவந்து காட்டினால், பர்ஸைத் திறக்கலாம்.

வி.என்., ஆம்பூர்
ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் கட்டுப்படியாகாது. பக்கத்திலேயே ஏதாவது?

ஏலகிரியைத் தோளில் வைத்துக்கொண்டு ஊட்டியைத் தேடுகிறீர்களே! சுமார் 1,100 மீட்டர் உயரம், 14 கொண்டை ஊசி வளைவு. வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பாரி, ஓரி, கபிலர் என்று ஒவ்வொருவராகக் கடக்கும்போது பின் சீட்டில் எலுமிச்சம்பழம் கைமாறிக்கொண்டே இருக்கும். சங்க இலக்கியம் தலையைச் சுற்றவைக்கும் என்று மாணவர்கள் சொல்வதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி இறங்கும். ஸ்வெட்டர் ஒன்று போதும், அம்மாக்கள் நாலு திணிக்க வேண்டாம்.

ஒரு பாட்டி, நாகர்கோவில்
பேரன் காட்டுக்குப் போகிறான். பாம்பு, அட்டை எல்லாம் இருக்குமே அய்யா?

இருக்கும் ஆச்சி, அது அதுகளின் வீடு. அட்டை கடித்தால் ரத்தம் சீக்கிரம் உறையாது. அதன் உமிழ்நீர் செய்கிற வேலை. பார்க்கத்தான் பயங்கரம். நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, கழுவி, துணியால் அமுக்கினால் போதும். பாம்பு என்றால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. சினிமா சொல்லிக்கொடுத்த மூன்றுமே தப்பு. மோதிரம், வாட்சைக் கழற்றி, கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக்கொடுப்பவர்களே நம்மூர் இருளர்கள்தான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இலிருந்து அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. பேரனிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: ஷூவை உதறிவிட்டுப் போடு, ராத்திரி டார்ச் இல்லாமல் காலை வைக்காதே.

பத்தாம் வகுப்பு மாணவி, திருச்சி
அந்த மூன்று நாள் முகாம் நடுவில் வந்துவிட்டால்?

வரட்டும். பாறைக்கு அது தெரியாது, ஹார்னஸுக்கும் தெரியாது. தேவைக்கு இரண்டு மடங்கு நாப்கின், பழைய செய்தித்தாள், மூடிக் கட்டும் பை. பயன்படுத்தியதைக் காட்டில் எறியாமல் பையோடு திரும்பக் கொண்டுவா. வலி தாங்கவில்லை என்றால் “எனக்கு பீரியட்ஸ்” என்று பயிற்சியாளரிடம் நேராகச் சொல், ஆணாக இருந்தாலும். அதைக் கேட்டு நெளிகிறவர் பாறையில் உன் கயிற்றைப் பிடிக்க லாயக்கில்லாதவர்.

ஜி.டி., தேனி
குரங்கணியை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. 2018 மார்ச் 11. காய்ந்து கிடந்த புல்வெளியில் தீ, நடுவில் மலையேறப் போனவர்கள். இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மனிதனால் அதை முந்த முடியாது. அந்தக் கோடையில் அந்தப் புல்லுக்குள் போவது பயத்தை வெல்கிற விஷயமே இல்லை. அது சுத்தமான ஆபத்து. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. 2024-இல் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. 2025-இல் காட்டுத்தீக் காலத்தில் அவற்றை மூடியும் வைத்தது. ‘எங்களுக்கு பர்மிஷன் எல்லாம் வேண்டாம் சார், உள்ளூர் ஆள் இருக்கார்’ என்று எந்த முகாம்காரராவது சொன்னால், அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

எல்.பி., சென்னை-40
பத்து நாள் செல்போன் கிடையாதாம். என் மகன் எப்படி இருப்பான்?

அவன் இருந்துவிடுவான். அரை மணிக்கொரு தரம் “சாப்பிட்டியா?” என்று அனுப்ப முடியாமல் நீங்கள் எப்படி இருக்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள்.

கே.ஜே., தூத்துக்குடி
முதல் ராத்திரியே முகாம் போனில் அழுதால் கூட்டிவந்துவிடலாமா?

முதல் ராத்திரி எல்லாப் பிள்ளையும் அழும். சில பேர் போர்வைக்குள் அழுவார்கள், அவ்வளவுதான். இரண்டாம் ராத்திரி அழத் தெம்பு இருக்காது. மூன்றாம் நாள் நீங்களாகக் கூப்பிட்டால்கூட “அப்புறம் பேசறேம்மா” என்று வைத்துவிடுவான். ‘பிடிக்கலைன்னா சொல்லு, உடனே வந்துடறேன்’ என்று வாக்குக் கொடுத்து மட்டும் அனுப்பாதீர்கள். அப்புறம் அவன் பத்து நாளும் பிடிக்காமல்போகக் காரணம் தேடிக்கொண்டிருப்பான். ஆனால் அடித்தார்கள், தொட்டார்கள், தண்ணீர்கூடத் தரவில்லை என்றால் ஆராய்ச்சி வேண்டாம். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.

பி.ஆர்., ஓசூர்
என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. முகாமில் நன்றாக ஏறினாள். அடுத்து எவரெஸ்ட்தானே?

தெலங்கானாவின் மாலாவத் பூர்ணா 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது பதினான்கு வயது நிரம்பவில்லை. பதினாறு ஆகாதவர்களை நேபாளம் விடாது என்பதால் திபெத் பக்கமாக ஏறினார். அதற்கு முன் போங்கிர் பாறை, டார்ஜிலிங், லடாக் குளிர் என்று படிப்படியாகப் பயிற்சி. ஒன்று கவனியுங்கள்: மலை ஏறியது அந்தப் பெண்தான். முதலில் உங்கள் மகளிடம் கேளுங்கள், அடுத்து எவரெஸ்ட்டா, ஐஸ்கிரீமா என்று.

சி.வி., பரமக்குடி
முகாம் கட்டணத்தைக் கேட்டாலே எனக்கு உயரத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது!

பள்ளியில் என்.சி.சி. இருக்கிறதா பாருங்கள், எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே சேர்க்கிறார்கள். சாரணர் இயக்கம் இருக்கிறது. கூடாரம், கயிறு, முடிச்சு, கூட்டாஞ்சோறு எல்லாம் அங்கேயும் உண்டு. ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட ஆள் இருக்காது, அவ்வளவுதான் குறை.

டி.எம்., கடலூர்
முகாம் போய் வந்த பையன் தட்டைத் தானே கழுவுகிறான், படுக்கையைச் சுருட்டுகிறான். நம்பவே முடியவில்லை!

உடனே வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள்தான் தாங்கும்.

ஓர் அப்பா, வேலூர்
அவனை பஸ் ஏற்றிவிட்டேன். இனி நான் என்ன செய்யட்டும்?

பாறை ஏறும்போது கீழே ஒருவர் கயிற்றின் மறுமுனையோடு நிற்பார். கயிற்றை இழுத்துப் பிடித்தால் மேலே இருக்கிறவனால் நகர முடியாது. ரொம்பத் தளர்த்தினால் வழுக்கும்போது வெகு தூரம் விழுவான். அவன் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து கொடுக்க வேண்டும். ‘வலது காலை வை, இடது கையை எடு’ என்று கீழேயிருந்து கத்தக் கூடாது. பார்வை அவன் மேல், கை பிரேக்கில். இந்தப் பத்து நாளும், அதற்கப்புறமும், அதுதான் உங்கள் வேலை. ஏறுகிறவன் கீழே திரும்பிப் பார்ப்பது அபூர்வம். அப்படிப் பார்க்கிற நேரத்தில் நீங்கள் செல்போனை நோண்டிக்கொண்டிருக்காதீர்கள்.