மஞ்சத் தண்ணி

1988-இல் அப்பாவை மேலூரிலிருந்து மதுரைக்குக் கூட்டி வந்தேன். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டதாம். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண் என்றால் சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் இங்கேதான் பஸ் ஏறும். நாங்கள் போனது சித்தப்பா சொன்ன வேறோர் இடம்.

கண்ணுக்குள் போட்டோ எடுக்கணும், அதற்குக் கையில் ஊசி என்றார்கள். ஊசியில் ஃபுளோரசின் என்ற ஆரஞ்சுச் சாயம். நீல வெளிச்சம் பட்டால் பச்சையாக மினுங்கும். முழங்கை நரம்பில் ஏற்றினால் பத்துப் பதினைந்து விநாடியில் விழித்திரைக்கு வந்துவிடும். ரத்தம் ஓடுகிற ஓட்டத்தில் சாயமும் ஓட, கேமரா சடசடவென்று சுட்டுத் தள்ளும். முதலில் தமனி, பிறகு சிரை, ஓட்டை விழுந்த இடத்தில் பஞ்சுபோல வெள்ளைக் கசிவு.

"ஐயா, தாடையை இதுல வைங்க. அசையாதீங்க."

"கெடாவுக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சா சிலுப்பணும்பாய்ங்க. இங்க என்னடான்னா ஆடக் கூடாதுங்கிறாய்ங்க" என்றார் அப்பா, ஆடாமல்.

பிலிம் கழுவ இரண்டு நாள். ஊசி போட்ட அன்று அப்பாவின் தோல் மஞ்சள், சிறுநீர் அதைவிட மஞ்சள். காமாலை என்று அம்மா கீழாநெல்லி அரைத்துவிட்டாள்.

அந்தச் சாயத்துக்கும் ஆற்றுக்கும் பழைய உறவு. 1871-இல் வேதியியலாளர் பேயர் அதை உண்டாக்கினார். ஆறே வருடத்தில் ஜெர்மனியில் டான்யூப் மண்ணுக்குள் மறையும் இடத்தில் 10 கிலோ கொட்டினார்கள். 12 கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து, ஆஹ் ஊற்று பச்சையாகப் பொங்கியது. மனித நரம்பில் ஏற்றி விழித்திரையைப் படம்பிடித்த முறை வெளியானது 1961-இல். வைகையில் கொட்டிப் பார்க்கலாம்தான். பெரும்பாலான மாதங்களில் சாயம் மணலிலேயே உட்கார்ந்திருக்கும்.

இப்போது என் முறை. சர்க்கரை எங்கள் குடும்பத்தில் பிதுரார்ஜிதம். போன மாதம் ஓசிடி ஆஞ்சியோ எடுத்தார்கள். ஊசி இல்லை, சாயம் இல்லை. ஒரே இடத்தை ஒளி திரும்பத் திரும்ப வருடும். மாறாமல் கிடப்பதைக் கணினி தள்ளிவிடும். மாறுவது ஓடுகிற ரத்த அணு, அதை மட்டும் வரையும். சில விநாடிதான். அந்தச் சில விநாடிக்காக நாலு மணி நேரம் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு கதை.

"அங்கிள், அசையாதீங்க" என்றது ஒரு சின்னப் பெண். ஐயா போய் அங்கிள் வந்துவிட்டது.

படம் திரையில் வேர்போலப் பரவியது. டாக்டர் பெரிதாக்கி, சிறிதாக்கிப் பார்த்தார்.

"ஓட்டம் நல்லாத் தெரியுது சார். ஆனா கசிவு இதுல தெரியாது. ஒரு டை டெஸ்ட் பண்ணிருவோம். கையில ஒரு ஊசிதான். ஒரு நாளைக்கு யூரின் மஞ்சளா போகும், பயந்துறாதீங்க."

வீட்டுக்குப் போன் போட்டேன், கீழாநெல்லி வேண்டாம் என்று.