பழி உப்புக் காற்றின் மேல்

பாலாவிக் காற்றைப் பற்றி வளிமண்டலவியல் திணைக்களத்தை விடத் தளபாடக் கடைக்காரர்களுக்கே அதிகம் தெரியும். கட்டில் கிறீச்சிட்டால் காற்று. கதிரைக் கால் ஆடினால் காற்று. செற்றியின் மேல்தோல் உரிந்தால், அதுவும் களப்புப் பக்கமிருந்து வீசுகிற அதே காற்று. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் சீமெந்துத் தொழிற்சாலை, கற்பிட்டி வீதியில் திரும்பினால் களப்பும் கடலும். இப்படி ஓர் ஊர் வாய்த்தது தளபாட வியாபாரத்துக்கு ஆண்டவன் கொடுத்த பரக்கத்.

எங்கள் வீட்டுக்கு வந்தது மூன்று கதவு அலுமாரி. நடுக்கதவில் ஆளுயரக் கண்ணாடி. கடைப் பையன் "தேக்குக் கலர்" என்றான். உம்மாவுக்குத் தேக்கு மட்டும் கேட்டது. லொறியில் வந்து இறங்கியபோது அக்கம்பக்கத்தார் எல்லோரும் அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்து விட்டுப் போனார்கள். ஐப்பசி மழை தொடங்கும் வரை ஒரு குறையும் இல்லை. பிறகு இடது கதவு மூட மறுத்தது. அடுத்து நடுக்கதவு. கண்ணாடி ஒரு பக்கமாகச் சரிந்ததால் அதில் பார்த்த எல்லோரும் கொஞ்சம் சாய்ந்தே நின்றார்கள்.

எங்கள் பகுதி மரவேலை பாஸ் வந்து தரையில் படுத்து, டோர்ச் அடித்து அலுமாரியின் அடியைப் பார்த்தார். முன்விளிம்பில் பளபளவென்று பட்டி ஒட்டியிருந்தது. யார் கண்ணும் போகாத அடிவிளிம்பில் ஒன்றுமில்லை, வெறும் பலகை. வீடு கழுவுகிற தண்ணீரை அது குடித்துக் குடித்து, தேநீரில் தோய்த்த ரஸ்க் மாதிரி ஊதிப் போயிருந்தது. பாஸ் நகத்தால் சுரண்ட, மாவாகக் கொட்டியது. "இது மரமில்ல சேர். மரத்தூள், பசை, அழுத்தம். ஈரம் பட்டா பசை விட்டுக் குடுத்திடும். கீழ் விளிம்பையும் மூடியிருந்தா இப்படி வந்திருக்காது." அந்தப் பட்டிக்கு ஆகும் செலவு ஒரு பிளேன் டீக்குக் காணாது என்றும் சொன்னார்.

கடைக்குப் போனோம். முதலாளி வாரண்டி அட்டையைத் தொடக்கூட இல்லை.

"பாலாவியா சேர்? அங்க உப்புக் காத்து. பலகை ஊதத்தான் செய்யும்."

என் மனைவி கேட்டாள்: "ஊதுற பலகை எண்டு தெரிஞ்சா எங்களுக்கு ஏன் வித்தீங்க?"

இந்தக் கேள்வியின் சட்டப் பெறுமதி அவளுக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. ஆங்கிலேயர் 1893 இல் தங்களுக்கென்று ஒரு பொருள் விற்பனைச் சட்டம் செய்தார்கள். 1896 இல் அதையே தழுவி இலங்கைக்கும் ஒன்று வந்தது, அந்த ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். பொருள் எதற்கு வேண்டுமென்று சொல்லி, அந்தத் தொழில் செய்பவருடைய அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது அது. எங்கள் பில்லில் முதலாளியின் சொந்தக் கையெழுத்தில் "டெலிவரி: பாலாவி" என்று இருந்தது. ஆக, உப்புக் காற்று அவருடைய சாட்டு அல்ல, ஒப்புதல் வாக்குமூலம்.

அதே சட்டத்தில் வாங்குபவருக்கும் ஒரு பொறி உண்டு. பொருளைப் பரிசோதித்துப் பார்த்து வாங்கினால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வந்து சண்டை போட முடியாது. கடைக்குள் நுழைந்ததும் மேசையைத் தட்டி, காதைச் சாய்த்து, "ம்ம்" என்று தலையாட்டும் மச்சான்மார் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே பிளேன் டீ கொடுத்து உட்கார வைப்பது நல்லது.

முதலாளி தந்த அடுத்த மருந்து, "வார கிழமை ஆள் அனுப்புறன்." எத்தனை கிழமை போனாலும் அது வார கிழமையாகவே இருந்தது. கேட்க மரியாதையான பேச்சுத்தான். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாரண்டிக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாட்டை, பொருளை வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரித்துப் பார்த்து நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு என்று கட்டளையிட அதிகார சபைக்கு அதிகாரம் இருக்கிறது. அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துப் பேசலாம். பேசியதோடு நின்றுவிடாமல் எழுத வேண்டும். வார கிழமைகளைச் சேர்த்துப் பார்த்தால் அநேகமாக மூன்று மாதமும் ஒரு நாளும் வரும். அதற்கும் பிந்தியவர்களுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பொறுமை இருக்க வேண்டும்.

தவணைக்குள் கடிதம் எழுதினேன். பில், வாரண்டி அட்டை, ஊதிய விளிம்பின் படம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, அதிகார சபைக்கு அனுப்பியதையே கடைக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மறுநாளே முதலாளி போன் எடுத்தார். குரலில் கற்கண்டு.

"ஏன் சேர் இதெல்லாம், நாங்க பேசித் தீர்த்திருக்கலாமே. அலுமாரியக் கடைக்குக் கொண்டு வாங்க, பாப்பம்."

கொண்டுபோகவில்லை. 1896 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அருமையான பகுதியே இதுதான்: நியாயமான காரணத்தோடு, காலம் கடத்தாமல் பொருளை ஏற்க மறுப்பவர் அதைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை, ஏற்கவில்லை என்று அறிவித்தால் போதும். உம்மாவுக்கு இந்த இடம் மட்டும் இரண்டு தரம் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. லொறிக் கூலி மிச்சம் என்றதும், வெள்ளைக்காரன் மேல் அவருக்கு இருந்த கோபம் பாதி இறங்கியது.

லொறி அவர்களுடையதே வந்தது. பழையதை ஏற்றிக்கொண்டு, நாலு விளிம்பும் மூடிய வேறு அலுமாரி ஒன்றை இறக்கினார்கள். பாஸ் மறுபடி தரையில் படுத்துப் பார்த்துச் சரி என்றார். கூட வந்த பையன் புதுப் பில்லில் விலாசம் எழுதப் போனவன், பேனையை நிறுத்தி முதலாளிக்குப் போன் போட்டான். கொஞ்ச நேரம் "ஓ... ஓ..." என்று கேட்டுக்கொண்டிருந்து விட்டு, பாலாவி என்று எழுதாமல் புத்தளம் என்று எழுதினான். அங்கே காற்றில் உப்பு இல்லைப் போலும்.